முனகல் நிற்கட்டும்

ஒரே ஒரு ஊர்லயாம், ஒரே ஒரு தோட்டமாம், அந்தத் தோட்டத்துல மரம் இருந்துச்சாம், வாளி இருந்துச்சாம், கத்தி இருந்துச்சாம், பால் வெட்ட ஆம்பளைதான் இல்லையாம். தாத்தா கதையை இப்படித்தான் தொடங்குவார். ராஜா கிடையாது, ராணி கிடையாது. நான் ம் கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் கதை அங்கேயே படுத்துக்கொள்ளும். ஏன் தாத்தா இல்லை. சப்பான்காரன் லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டானாம். எங்க தாத்தா. சயாமுக்கு, ரயில் ரோடு போட. ம். ம் கொட்டிக் கொட்டியே பழகின தொண்டையோ என்னவோ, இன்றைக்கும் எனக்குச் சத்தமாகப் பேச வராது. எதிரில் இருப்பவர்கள் தலையைச் சாய்த்து என்ன தம்பி என்ன தம்பி என்பார்கள். மணி ஐந்தாகப் போகிறது. நான் என் வாய்க்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறேன். என் வாய் என்றால் இந்த வாய் இல்லை, கீழே மூங்கில் பரணில் கிடக்கிறானே, இவன் வாய். பிளாஸ்டிக் வாய். ஆனால் என் வாய்தான், மேல்வரிசையில் ஒரு பல் கோணலாக ஏறியிருப்பதுகூட அப்படியே வந்திருக்கிறது. இன்றைக்கு அகப்பட்டது ஒரு மிட்டாய்த் தாள், ஒரு பஸ் டிக்கெட், மென்று துப்பிய சூயிங்கம் ஒன்று. சூயிங்கம் இன்னும் இளகலாக இருக்கிறது, யாருடைய எச்சிலோ காயவே இல்லை, விரலில் ஒட்டி நூல்போல நீளுகிறது. கையுறை தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது. தினமும் சாயங்காலம் வாயைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், எறும்பு வந்துவிடுமாம்.

சயாம் ரயில் ரோட்டுக்குப் போனவர்களுக்கான இந்தக் காட்சியகத்தில் வேலைக்கு நேர்முகத்துக்கு வந்த ஐந்து பேரில் நான்தான் ஒல்லி. இதை நடத்துகிற ரெஜினா மேடம் என் சான்றிதழைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டைப் பார்த்தார். "யுகேந்திரன், கூடம் நாலுக்கு ஒரு உருவம் வேணும், சீனர் கடையில செஞ்சா நம்ம ஆளு மாதிரி வராது. நீ படுத்துக்கிறியா? நல்ல காரியந்தானே. நம்ம கதை இது." நம்ம கதை. நான் தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டத்தான் வரும். இந்தக் கட்டடத்தில்தான் படுக்கவைத்தார்கள். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைத்த கட்டடம், அறுபது எழுபது வருடப் புகை சுவரில் இன்னும் இருக்கிறது, வேர்த்தால் சட்டையில் ஏறுகிறது. மூக்குத் துளையில் இரண்டு உறிஞ்சுகுழாய் செருகி, முகத்தில் பசையை ஊற்றினார்கள், பல் டாக்டர் அச்சு எடுக்கிற அதே பசை, புதினா வாசம். ஒரு குழாய் நழுவிவிட்டது. மூச்சு முட்டியது. வாயைத் திறந்தேன், பசை உள்ளே போனது, நாக்கு, அண்ணம், தொண்டைவரைக்கும் குளிர்ந்த புதினா, கத்தவும் முடியவில்லை. கை காலை உதறினேன். எடுத்துவிட்டார்கள். அச்சில் திறந்த வாய் பதிந்துபோயிருந்தது. திரும்ப எடுக்கலாம் என்றார் சிற்பி. வேண்டாம் என்றார் மேடம், "இதுதான் நிஜமா இருக்கு. தண்ணி கேக்கிற மாதிரி." அப்புறம் என் உடம்பைக் குறைத்தார்கள். கெண்டைக்காலைச் சீவினார்கள், வயிற்றை உள்ளே தள்ளினார்கள், விலாவைச் சுரண்டினார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். இடது முழங்காலுக்குக் கீழே புண் வைத்தார்கள். மூங்கில் குத்தி அழுகின புண், எலும்பு தெரிகிற அளவுக்கு. பளபளப்பாக இருக்க வார்னிஷ் பூசினார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டேயா பார்த்தேன். ஆமாம், சாப்பிட்டுக்கொண்டேதான்.

முகம் போதவில்லை, குரலும் கேட்டார்கள். மெதுவாகப் பேசுகிற பையன், முனகலுக்கு இவனைவிட்டால் யார். ஒரு போர்வைக்குள் உட்காரவைத்து மைக்கைக் கொடுத்தார்கள். முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, அதுதான் இப்போது நினைத்தால் குமட்டுகிறது, எவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுங்க, கடைசியில தேயுற மாதிரி, சூப்பர். நாற்பது நொடிக்கு ஒரு தரம் இந்தப் பரணுக்குக் கீழே இருக்கிற ஒலிபெருக்கியிலிருந்து நான் முனகுகிறேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரைக்கும். பரணுக்குப் பின்னால் செருகியிருக்கிற மின்செருகியை நான்தான் காலையில் மாட்டுகிறேன், நான்தான் சாயங்காலம் பிடுங்குகிறேன். வாசனையும் நான்தான் ஊற்றுகிறேன். சின்னப் பெட்டி, மேலே ஒரு குப்பி, குப்பியின் மேல் நான்கு என்ற எண், அழுகல் வாசனை. அழுகல் மாதிரியே இல்லை, பழுத்து வெடித்த பலா மாதிரி ஒரு தித்திப்பு, அதனால்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பாள், என்னடா செண்டு போட்டிருக்கே. அம்மா இங்கே வந்ததில்லை. நான் வரவிட்டதில்லை. பாம்பு கடித்துச் செத்த மாமா படத்துக்குப் பக்கத்தில் உயிரோடிருக்கிற யார் படத்தையும் மாட்டவிடாதவள். இவனைப் பார்த்தால் என்ன ஆவாள்.

மத்தியானம் வந்த பள்ளிக்கூடப் பஸ் நல்ல பஸ் என்றுதான் சொல்ல வேண்டும், யாரும் புண்ணைத் தொடவில்லை. ஒரு பெண் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று உதட்டைக் குவித்துப் படம் எடுத்துக்கொண்டாள். ஒரு பையன் நாலுமுறை முனகலுக்கு எதிர்முனகல் முனகினான், கூட்டம் சிரித்தது, டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் முனகினான். கூடம் மூன்றில் தண்ணீர்ச் சித்திரவதையைக் காட்டும் படத்துக்கு முன்னால் அவர்கள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தார்கள். வெக்கை அப்படி. யாரைக் குறை சொல்வது. எண்பத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் அங்கே சோப்புத் தண்ணியை வாயில் ஊற்றி வயிற்றை மிதித்தார்கள், இங்கே இவர்களுக்குத் தாகம். இரண்டும் ஒரே வாய். எனக்கு எல்லா வாயையும் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது இப்போதெல்லாம், பசியாறும்போது எதிரில் யாராவது மென்றால் எழுந்து போய்விடுகிறேன்.

அவர்கள் போய், நான் வாயைச் சுத்தம் செய்து முடித்த பிறகு வந்தார் அந்தப் பெரியவர். எண்பதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்கா சாவுக்கா என்று சொல்ல முடியாத வெள்ளை. கூட மகள், ஐம்பதைத் தாண்டின அம்மாள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. பெரியவர் மற்ற கூடங்களில் நிற்கவே இல்லை. நேராக வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு இவனைப் பார்த்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். முனகல் வந்தது, போனது, வந்தது. ஒவ்வொரு முனகலுக்கும் அவர் கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். மகள் சொன்னாள், "அப்பா, பார்த்தாச்சுல்ல, வாங்க. பஸ்ஸுல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க." "காத்திருக்கட்டும் வாசுகி. நான் எம்பத்திரண்டு வருசம் காத்திருந்தேன்." அப்புறம் என்னிடம் திரும்பினார். "தம்பி, இந்தக் கயித்த அவுப்பீங்களா?" முடியாது ஐயா, தொடக்கூடாது. "என்ன தம்பி?" தொடக்கூடாது ஐயா. "தொட மாட்டேன். போடத்தான் போறேன்." இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தார். மஞ்சள் துணி. அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, எந்தத் தமிழனுக்கும் தெரியும், சாவு வீட்டில் பார்க்காதவன் யார், பச்சரிசி, வாய்க்கரிசி. என் வாய் தானாக மூடிக்கொண்டது. இவன் வாய் மூடவில்லை.

பெயர் அங்கமுத்து என்றார். அப்பா பெயர் மருதை. "லாரியில ஏத்தறப்ப நான் எங்கம்மா வயித்துல மூணு மாசம். எங்கப்பா மூஞ்சி எனக்குத் தெரியாது. போட்டோவும் கெடையாது. இங்க ஒரு ஆளு படுத்திருக்காருன்னு பேரன் போன்ல காட்டுனான். பாத்த ஒடனே முடிவு பண்ணிட்டேன்." மகள் இடையில் புகுந்தாள். "தம்பி மன்னிச்சுக்குங்க, நாங்க கோயில் டூர்னு நெனச்சுத்தான் வந்தோம், இவரு மடியில அரிசியக் கட்டிக்கிட்டு வந்தது எனக்கே இப்பத்தான் தெரியும். அப்பா, இது பொம்மைப்பா." "பொம்மைன்னு எனக்குத் தெரியாதா? பிள்ளையார் மட்டும் யாரு, மனுசனா? மஞ்சள்ல புடிச்சு வெக்கிறப்ப நீ என்னைக்காவது மஞ்சள்னு சொன்னியா?" அவள் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.  என் தொண்டையில் புதினா ஏறியது. சடையன் ஞாபகம் வந்துவிட்டது. தாத்தா சொன்ன ஆட்களிலேயே நான் மிகவும் பயந்தது சடையனுக்குத்தான், பேய்க்குக்கூட இல்லை. சண்டை முடிந்து ஒரு வருடம் கழித்து சயாமிலிருந்து நடந்தே திரும்பி வந்தானாம் சடையன். அதற்குள் வீட்டில் செத்துவிட்டான் என்று பொம்மை பிடித்துவைத்து, வாய்க்கரிசி போட்டு, கருமாதி முடித்து, பெண்டாட்டி தாலியை அறுத்துவிட்டார்கள். கதவைத் தட்டினானாம். கருமாதி முடிஞ்சவனுக்குச் சோறு போட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு அவ தொறக்கவே இல்லையாம். அப்புறம் என்ன தாத்தா. அப்புறம் என்ன, நாத்துமேட்டுக் கொட்டாயில இருந்தான். எல்லாரும் செத்தவன்னு கூப்புட்டாங்க. செத்தவனே வா, செத்தவனே விறகு வெட்டு. அவனும் வந்தான், வெட்டினான். ஒரு பிடி அரிசி அவனை அப்படிப் பண்ணிவிட்டது. எனக்கு இருபத்துமூன்று வயது.

அதனால் சொல்லிவிட்டேன். என் குரலுக்கு அது சத்தம்தான். ஐயா, அது என் முகம். "என்ன தம்பி?" என் முகம் ஐயா. என்னைப் படுக்கவைத்து அச்சு எடுத்தது. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார், என் பல்லைப் பார்க்க வாயைத் திறக்கச் சொன்னார், திறந்தேன், கோணல் பல்லைப் பார்த்தார். மகள் ஐயையோ என்றாள். "அப்பா, பாவம்பா, கல்யாணம் ஆவாத புள்ள. பெத்தவ கேட்டா வயிறு எரிவா. வாங்க போலாம்." அவர் அசையவில்லை. எனக்கு நிம்மதி வர வேண்டும், வரவில்லை. அவர் அரிசி முடிச்சை மூடவும் இல்லை. "அப்ப நல்லதாப் போச்சு," என்றார். "எங்கப்பாகிட்ட கேக்க முடியாது, உங்கிட்ட கேக்கலாம். இந்த மூஞ்சிய இரவல் குடு தம்பி. அஞ்சு நிமிசம். ஒனக்கு ஒண்ணும் ஆவாது, செத்துட்டான்னு புரளி கெளம்பினவனுக்கு ஆயுசு கெட்டி, நீ நூறு இருப்ப. எனக்கே ரெண்டு தரம் புரளி கெளம்பிச்சு, பாரு, இன்னும் இவ உசிர வாங்கிக்கிட்டு இருக்கேன்." மகள் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். கீழே நான் முனகினேன்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார், கயிற்றைப் பார்த்துக்கொண்டே, எனக்கு என்றில்லாமல். "எங்கப்பாவோட ஒரே கொட்டாயில இருந்தவரு ஒருத்தரு திரும்பி வந்தாரு. எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காரு. காலரா கொட்டாய், தெனம் காலையில எரிக்கத் தூக்குவாங்க. மருதையத் தூக்குனப்ப அவன் முனகுனான் அக்கா, நான் சொன்னேன், இவன் முனகுறான்னு. தூக்குனவன் சொன்னான், அந்தி வரைக்கும் தாங்க மாட்டான், போடுன்னுட்டான். இத எங்கம்மா ஏன் எங்கிட்ட சொல்லுச்சுன்னு தெரியல. சொல்லாம இருந்திருக்கலாம். சாகிற வரைக்கும் பக்கத்து வீட்டுல யாரு காச்சல்ல முனகுனாலும் எந்திரிச்சு ரோட்டுக்குப் போயிடும்." தாத்தாவின் கதையில் தூக்கினவன் வரமாட்டான். தாத்தா கதையில் காலரா வரும், கூட்டம்கூட்டமாகச் சாவார்கள், நெருப்பு வரும், தூக்கினவன் மட்டும் வந்ததே இல்லை, பிணங்கள் தாமாகவே நெருப்புக்கு நடந்துபோனதுபோல. தூக்கினவன் சப்பான்காரனா. அவன் எதற்குக் கையால் தொடப்போகிறான். தூக்கினவனும் நம்மவன்தான், அக்கா என்று கூப்பிடத் தெரிந்த ஒருவன், பழகிவிட்டவன், நாலாவது நாளே பழகிவிட்டவன். எனக்குப் போர்வைக்குள் எத்தனை நிமிடம் பிடித்தது. இன்னும் கொஞ்சம் இழுங்க, சூப்பர். நான் முனகியது யாருடைய முனகலை. எந்த மருதையின் முனகலை. அவரை முனகவைத்து, நாற்பது நொடிக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், இவன் சாகவே முடியாதபடி செய்து, பக்கத்தில் நின்று வாசனை ஊற்றிக்கொண்டு. வாயில் எச்சில் ஊறியது, விழுங்கினேன், அதுவும் என்னுடையதாகத் தெரியவில்லை, சூயிங்கம் போல யாரோ மென்று தந்ததாக இருந்தது.

கயிற்றின் கொக்கியைக் கழற்றினேன். மேடம் முன்னறையில் இருக்கிறார், மேலே கேமரா இருக்கிறது, நாளைக்கு வேலை இருக்குமோ என்னவோ, அது பெரிதாகப் படவில்லை, எனக்கு அந்த மஞ்சள் துணிதான் பெரிதாக இருந்தது. பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். சாவுச் சடங்கில் சுற்றுகிற மாதிரி இடமாக இவனைச் சுற்றி வரப்போனார், பரணுக்குப் பின்னால் வழி இல்லை, நின்ற இடத்திலேயே மூன்று முறை இடமாகச் சுற்றிக்கொண்டார். அரிசியைப் புறங்கையில் எடுத்தார். குனிந்தார். நான் முனகினேன். கை அப்படியே நின்றுவிட்டது. காத்திருந்தார். மறுபடி குனிந்தார், மறுபடி முனகினேன். நாலு அரிசி தவறிப் புண்ணில் விழுந்தது. "முடியாதுப்பா," என்றார், என்னைப் பார்க்காமல். "உசிரு இருக்கு. முனகுறாரே. முனகுறவரு வாயில நான் எப்படிப் போடுவேன்? நானும் அவனுங்க பண்ணினதத்தான் பண்ணணுமா? முனகல் நிக்கட்டும்." வாசுகி அம்மாள் என்னைப் பார்த்தாள். செருகி பரணுக்குப் பின்னால் இருக்கிறது. தினமும் ஆறு மணிக்கு யோசிக்காமல் பிடுங்குகிற செருகி, சாவி எங்கே, மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டே பிடுங்குகிற செருகி. இப்போது மண்டியிட்டு அதைக் கையில் பிடித்தால் சூடாக இருக்கிறது. இதை இழுத்தால் நான் நிற்பேன். இழுக்காவிட்டால் அவர் இந்தக் கையோடு வீட்டுக்குப் போவார், எண்பத்திரண்டு வயதில், பாதியில் விட்ட கையோடு. முனகல் நடுவில் அறுக்கக்கூடாது, அது மட்டும் கூடாது, அதைத்தானே செய்தார்கள். ஒரு முனகல் முழுதாக வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. இழுத்தது. கடைசியில் தேய்ந்தது, நான் தேயவைத்த மாதிரியே. தேய்ந்து முடிந்ததும் பிடுங்கினேன்.

பெரியவர் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அடுத்தது வருகிறதா என்று. நாற்பது நொடி என்பது எவ்வளவு என்று எனக்கு எட்டு மாதமாகத் தெரியும், இருந்தும் இது அதுவாக இல்லை. வெளியே பஸ் ஒலிப்பான் ஒரு தரம் அடித்தது. கூரைத் தகரத்தில் ஏதோ ஓடியது. வரவில்லை. நாற்பது தாண்டியது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. "ஆச்சு," என்றார். மிகவும் சாதாரணமாக, சோறு வெந்துவிட்டது என்பது போல. பிறகு போட்டார். முதல் பிடி. என் நாக்கில் மாவு ருசி வந்தது, வந்ததாக நினைத்துக்கொண்டேன், எதுவானால் என்ன, வந்தது. இரண்டாவது பிடி. அரிசி பிளாஸ்டிக் தொண்டையில் உருண்டு இறங்குகிற சத்தம் கேட்டது. மூன்றாவது. "நாந்தான் அங்கமுத்து. நீ போறப்ப அம்மா வயித்துல இருந்தவன். அம்மா போயி முப்பத்தோரு வருசமாச்சு. எனக்கு மூணு பொண்ணு, இவ மூத்தவ." அப்பா என்று கூப்பிடப்போனார், வாய் அந்தச் சொல்லுக்குப் பழக்கமில்லாதது போலக் கொஞ்சம் தடுமாறியது, பிறகு கூப்பிட்டார். வாசுகி அம்மாளும் ஒரு பிடி வாங்கிப் போட்டாள், கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் பாதி சிந்தி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தேன். ஒன்றும் வரவில்லை, கசந்த தண்ணீர்தான். புனிதமாக எதுவும் தோன்றவில்லை. அழுகல் பெட்டி ஒரு தரம் சீறி வாசனையை விட்டது, அதன் செருகி வேறு இடத்தில் இருக்கிறது, அதை நான் மறந்துவிட்டேன்.

"தம்பிக்குத் தண்ணி குடு வாசுகி," என்றார் பெரியவர். அவள் தன் போத்தலைத் திறந்து நீட்டினாள். அதன் வாயில் அவள் உதட்டுச் சாயம் ஒட்டியிருந்தது. வாங்கிக் குடித்தேன். அவர் வெற்று மஞ்சள் துணியை உதறி மடித்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் பரணின் ஓரத்தில் வைத்தார். என் தோளைத் தொட வந்த கை பாதியில் நின்றது, தீட்டு ஞாபகம் வந்திருக்கும், இறக்கிக்கொண்டார். "அந்த அரிசிய எடுத்துப்புடாத தம்பி." எடுக்க மாட்டேன் ஐயா. "என்ன?" மாட்டேன் ஐயா. "நான் போறேன். கொள்ளி வெச்சவன் திரும்பிப் பாக்கக்கூடாது. நீ பின்னால இருந்து கூப்புடாத, கேட்டியா? ஏதாச்சும் விட்டுட்டுப் போனாலும் கூப்புடாத." தலையாட்டினேன். மகள் முன்னால் போனாள், பஸ்காரனைச் சமாளிக்க. அவர் பின்னால், மெதுவாக. கூடம் மூன்றைக் கடந்தார். கூடம் இரண்டில் தண்டவாளத் துண்டின் பக்கத்தில் ஒரு கணம் தள்ளாடி, அதைப் பிடிக்காமல் சமாளித்தார். அவர் செருப்பு இங்கேயே கிடந்தது, பழைய ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்தது. வெளியே தார் இந்நேரத்திலும் கொதிக்கும். எடுத்துக்கொண்டு ஓடலாம், பேசாமல் முன்னால் போய் வைக்கலாம். ஆனால் எனக்கு அவர் ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவருக்காக இல்லை, எனக்காக, திரும்பி, இந்த இரண்டு முகத்தில் எது நிற்கிறது எது கிடக்கிறது என்று யாராவது ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று. ஐயா என்று வாய்வரைக்கும் வந்தது. வந்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. வாசல் வெளிச்சத்தில் வேட்டி கண்ணைக் கூசவைத்தது. வெறுங்காலோடு படி இறங்கினார், ஒன்று, இன்னொன்று, சூடு பட்டுக் காலைச் சற்றே உயர்த்தினார், அப்போதும் திரும்பவில்லை, போனார்.